கைப்பிடி எந்தப் பக்கம்?

காலை ஏழு மணி இருபது நிமிடம், வியாழக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் பத்திரிகையின் புறநகர் அலுவலகம் இருந்தது. சாவியைக் கையில் பிடித்தபடி படியேறும்போது முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி கறுப்பு ஷூக்கள். முகம் பார்க்கலாம், அவ்வளவு பாலிஷ். அதற்கு மேலே மடிப்புக் கலையாத பேன்ட். அதற்கும் மேலே ஒரு காய்கறிப் பை. பையைப் பிடித்திருந்த கையிலேயே நான்காக மடித்த எங்கள் ஞாயிறு மலர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பத்திரிகையில் எனக்கு ஐந்தாவது வருடம். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, நான் கொண்டுவந்த பெரிய செய்திகளைப் பற்றி. அவற்றை நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது, நான் தப்பாக எழுதிய ஒன்றைப் பற்றி.

அதற்கு முந்தைய ஞாயிறு, மலரின் நடுப்பக்கத்தில் என் கட்டுரை வந்திருந்தது. ரஷ்யர்களின் புகழ்பெற்ற தாக்குதல் துப்பாக்கி எப்படிப் பிறந்தது என்பது விஷயம். உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் படத்தில் அந்தத் துப்பாக்கிதான் இருக்கும். அதனால் ஆசிரியர் குழு கேட்டது, நான் எழுதினேன். தலைமை அலுவலக நூலகத்திலிருந்து இரண்டு படங்களை வரவழைத்தேன். ஒன்று ரஷ்யத் துப்பாக்கி. மற்றது அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் போரில் ஜெர்மானியர்கள் பயன்படுத்தியது. அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் வாழைப்பழம் போல வளைந்த தோட்டாப் பெட்டி. உடம்பும் ஏறக்குறைய ஒரே வாகு. தோட்டாவை உள்ளே ஏற்றுவதற்குப் பின்னால் இழுக்கிற சிறு கைப்பிடி, இரண்டிலுமே இடப்பக்கம். 'கைப்பிடி இருக்கும் பக்கம் உட்பட அப்படியே நகல்' என்று முடித்திருந்தேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது. தலைப்பாகவும் அதையே போட்டார்கள்.

ஷூக்காரர் கட்டுரையை விரித்துக் காட்டினார்.

"இது நீங்க எழுதினதா சார்?"

"ஆமா. படிச்சீங்களா? எப்படி இருந்துது?"

"நல்லாத்தான் இருந்துது சார். கைப்பிடி மட்டும் தப்பு. வலது பக்கம்."

கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெயர் தேவராஜ். சேலையூரில் வாடகை வீடு. மனைவி மிஷன் பள்ளியில் ஆசிரியை, இரண்டு பெண் குழந்தைகள். ராணுவத்தில் பதினெட்டு வருடம் ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுதுபார்த்து மறுபடி பூட்டிக் கொடுப்பவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வயது முப்பத்தெட்டு.

அந்த ஒரு வருடத்தில் தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் பல தொழிற்சாலைகளின் வாசல்களை ஏறி இறங்கியிருந்தார். எல்லோரும் கொடுக்கத் தயாராக இருந்தது ஒரே வேலை. கேட்டைத் திறந்து மூடுவது. கடைசியாக, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ராணுவம், போலீஸ் தேர்வுகளுக்கு ஆள் தயார்செய்யும் தனியார் பயிற்சி மையம் ஒன்று ஆயுதப் பாடம் நடத்த ஆசிரியர் தேடியது. முந்தின நாள், புதன்கிழமை, நேர்முகம்.

"மேனேஜிங் டைரக்டர்னு ஒருத்தர் சார். கையில உங்க பேப்பரு. சிவப்புல கோடு போட்டு வெச்சிருக்காரு. கைப்பிடி எந்தப் பக்கம்னாரு. வலதுன்னேன். எதைப் பாத்து காப்பி அடிச்சதுன்னாரு. வெளியில பாத்தா அப்பிடித் தெரியும் சார், உள்ள வேறன்னேன். பேப்பரைத் தூக்கி எம் முன்னாடி போட்டாரு. 'பதினெட்டு வருஷம் என்னத்தப்பா பிரிச்சிப் பூட்டினே? இது கூடத் தெரியலியா?'ன்னாரு. பக்கத்துல ரெண்டு பேரு சிரிச்சாங்க."

"வேலைக்கு வேற யாராவது வந்திருந்தாங்களா?"

"ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர். இடதுன்னு சொல்லிட்டாரு. அவரு உங்க பேப்பர் படிக்கிறவரு."

தேர்ந்தெடுத்தவருக்கு வேலை ஆர்டரைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் அப்போது செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். என் கட்டுரைக்காக வாதாடினேன்.

"போட்டோ இருக்கே தேவராஜ். கண்ணால பாக்கறோமே."

"நான் கையால பாத்திருக்கேன் சார்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனாலும் நான் விடவில்லை. சரி, கைப்பிடி எப்படியோ போகட்டும், அந்த வளைந்த பெட்டி? அதுவுமா தற்செயல்? தேவராஜ் காய்கறிப் பையை மேஜைமேல் கவிழ்த்தார். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய பிஞ்சு வெண்டைக்காய். காம்பெல்லாம் ஒரே பக்கம், நுனியெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்கினார். பத்துப் பன்னிரண்டு காய் அடுக்கியதும் வரிசை தானாகவே வளைந்தது.

"தோட்டாவும் இப்படித்தான் சார். அடி பெருசு, நுனி சின்னது. முப்பது தோட்டாவ அடுக்கினா வளைஞ்சே தீரும். பொட்டி அதுக்கேத்த மாதிரி வளையணும். வெண்டைக்கா யாரைப் பாத்து சார் காப்பி அடிச்சிது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அலுவலகக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தார். உருளைத் தாழ்ப்பாள். தள்ளிவிட்டுத் திருகினால்தான் பூட்டும்.

"வெடிக்கிற நேரத்துல பின்பக்கம் கெட்டியா பூட்டியிருக்கணும். இல்லன்னா சுடறவன் மூஞ்சி போயிடும். ரஷ்யாக்காரனோடது இந்த மாதிரி, உள்ள போயி திரும்பிப் பூட்டும். ஜெர்மன்காரனோடது திரும்பாது. பின்பக்கம் கீழ சாஞ்சி பூட்டும். கோர்ஸ்ல படம் போட்டுக் காமிச்சிருக்காங்க. ஒரு துப்பாக்கி எங்கேருந்து வந்துதுன்னு தெரியணும்னா பூட்டைப் பாக்கணும் சார், பொட்டிய இல்ல."

"அப்போ ரஷ்யாக்காரன் யாரையுமே பாக்கலையா?"

"ஏன் பாக்காம? பெரிய தோட்டாவும் வேணாம், பிஸ்டல் தோட்டாவும் வேணாம், நடுவாந்தரமா ஒண்ணு போதும்ங்கிற யோசனை ஜெர்மன்காரன் துப்பாக்கியில முன்னாடியே கீது. இந்தத் திரும்பற பூட்டு கூட வேற நாட்டுத் துப்பாக்கியில இருந்துதான். நாலு எடத்துல பாத்து, மண்ணு விழுந்தாலும் ஓடற மாதிரி ஒண்ணு செஞ்சான். அதுக்குப் பேரு காப்பியா?"

என் நடுப்பக்கக் கட்டுரை முழுவதிலும் இல்லாத விஷயம் இந்தச் சில வாக்கியங்களில் இருந்தது. ஆனால் கைப்பிடிதான் இன்னும் தீரவில்லை. படத்தில் அது இடப்பக்கம்தான் இருந்தது. பதினெட்டு வருட ஆர்மரரும் ஒரு புகைப்படமும் எதிரெதிராக நின்றால், நிருபர் யாரை நம்புவது? தலைமை அலுவலகத்தில் மூலப்படத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். தேவராஜ் வெண்டைக்காயைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்பது மணி மின்சார ரயிலில் ஏறினோம்.

நூலகத்தில் படத்தைத் தேடி எடுக்கப் பதினொரு மணி ஆனது. மலரில் வந்தது வெட்டிச் சுருக்கிய படம். துப்பாக்கியும் இரண்டு கைகளும் மட்டும் தெரியும். மூலப்படத்தில் முழு சிப்பாயும் இருந்தான். தேவராஜ் அதை ஜன்னலோரம் கொண்டுபோனார். துப்பாக்கியை அவர் பார்க்கவே இல்லை.

"சார், இவன் இடது தோள்ல வெச்சிருக்கான். சரி, இடதுகைக்காரன்னு வெச்சிக்கலாம். வாட்ச் வலது கையில கட்டியிருக்கான். அதுவும் சரி, சில பேரு கட்டறாங்க. சட்டையப் பாருங்க."

பார்த்தேன். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும். அந்தச் சிப்பாயின் சட்டையில் வலப்பக்கம் மேலே இருந்தது.

"பொம்பளைங்க சட்டையப் போட்டுக்கினா சார் சண்டைக்குப் போவான்?"

படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக மாறியிருந்தது. அந்தப் படத்தை நான்கு நாள் என் மேஜையில் வைத்திருந்தேன். துப்பாக்கியைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்தவனைப் பார்க்கவில்லை.

எப்படி மாறியது? பக்கங்களை ஒட்டி அமைக்கும் பிரிவுக்குப் போனோம். அங்கே ஃபோர்மன் இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவர். படத்தைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"நாந்தான் சார் பெரட்டினேன். இன்னா இப்ப?"

"ஏன் புரட்டினீங்க?"

"ரெண்டு மூணு வருசம் ஆவுது. பக்கத்து பத்தில தலைவரு படம் கீது. இவன் இன்னான்னா நேரா அவரு மூஞ்சிக்கே துப்பாக்கிய நீட்டிக்கினு நிக்கிறான். அப்டியே உட்டா காலைல ஆபீஸ் வாசல்ல கல்லு வந்து வுழும். நெகட்டிவ பெரட்டி பிரிண்ட் போட்டேன். துப்பாக்கி அந்தாண்ட திரும்பிக்கிச்சி. பேஜார் வுட்டுது."

துப்பாக்கிக் குழாய் தலைவர் படத்தையோ, பத்திரிகையின் பெயரையோ, சாமி படத்தையோ பார்த்து நிற்கக் கூடாது என்பது எங்கள் ஒட்டுப் பிரிவில் எழுதப்படாத விதி. அதில் தப்புச் சொல்ல முடியாது. புரட்டிய பிரதியே நூலகத்துக்குப் போனதும், பின்புறம் யாரும் ஒரு குறிப்பு எழுதாததும்தான் தப்பு. அதன்பின் அந்தப் படம் ஆதாரம் ஆகிவிட்டது. நான் அதை நம்பினேன், பயிற்சி மையத்துக்காரர் என்னை நம்பினார், ஓய்வுபெற்ற போலீஸ்காரரும் என்னை நம்பினார். நம்பாதவர் ஒருவர்தான். அவருக்குத்தான் வேலை கிடைக்காமல் போகவிருந்தது.

எனக்கு உடனே தோன்றிய வழி சுலபமானது. அலுவலகத் தாளில் பயிற்சி மையத்துக்கு ஒரு கடிதம். கட்டுரையில் சிறு பிழை, தேவராஜ் சொன்னதே சரி, இப்படிக்கு. பத்திரிகையில் எதுவும் வரவேண்டாம். எங்கள் பத்திரிகையில் வக்கீல் நோட்டீஸ் வந்தால் ஒழியத் திருத்தம் போடும் வழக்கம் கிடையாது. என் பெயரும் கெடாது, அவருக்கும் வேலை கிடைக்கும். படிக்கட்டில் வைத்து இதைச் சொன்னேன். தேவராஜ் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வேணாம் சார். லெட்டர் கொண்டு போனா சிபாரிசுன்னு ஆயிடும். நாளைக்கு கிளாஸ்ல நிக்கும்போது பேப்பர்காரன் சொல்லி வந்தவன்னு பேரு வரும். என்னைப் பத்தி ஒரு வரி கூட எழுதாதீங்க. துப்பாக்கியப் பத்தி சரியா எழுதுங்க, போதும்."

"சரி, உங்க பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா என்னைக்கு எழுதறது? மலர் ஞாயித்துக்கிழமைதான் வரும். உங்க ஆர்டர் சனிக்கிழமை."

"அது உங்க வேலை சார்" என்றார். கோபமில்லாமல்.

அவர் மத்தியான ரயிலில் வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது. நான் செய்தி ஆசிரியர் அறைக்குப் போனேன். மூன்று மணி இருக்கும். புறநகர்ப் பக்கத்தை ஐந்து மணிக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

செய்தி ஆசிரியர் குறைவாகப் பேசுகிறவர். நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, மூலப்படத்தை வாங்கி, சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

"ஏழாம் பக்கத்துல ரெண்டு வரி போடட்டுமா?" என்றேன். "வருந்துகிறோம்னு."

"யாருக்காக வருந்தறே?"

படத்தை என் பக்கம் தள்ளினார்.

"தப்பைப் பெரிசா படம் போட்டுச் சொன்னோம். திருத்தத்தைப் பொடி எழுத்துல சொன்னா, படிச்சவனுக்குத் தப்புதான் ஞாபகம் இருக்கும். கட்டுரையில உன் பேரு இருந்துதில்ல?"

"இருந்துது சார்."

"இதுலயும் இருக்கட்டும். எப்படி நடந்துதுன்னு முழுசா எழுது. படத்தைச் சரியா திருப்பிப் போடு, அதே சைஸ்ல. வெண்டைக்காயை விட்டுடாதே."

எழுந்து வரும்போது கேட்டேன். "வழக்கம் இல்லையே சார், மேல ஏதாவது சொன்னா?"

"சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த ஆளு யாருன்னு என்கிட்ட கூடச் சொல்லாதே. சொன்னா அந்த மையத்துக்கு நானே ஃபோன் பண்ணிடுவேன்."

நாற்பது நிமிடத்தில் எழுதினேன். எழுதிய செய்திகளில் அவ்வளவு சீக்கிரம் எழுதியது குறைவு. அலங்காரத்துக்கு நேரம் இல்லாததால் அது நன்றாகவே வந்தது. எந்தத் துப்பாக்கிக்குக் கைப்பிடி எந்தப் பக்கம், எந்தப் பூட்டு எப்படிப் பூட்டும், தோட்டாப் பெட்டி ஏன் வளைகிறது, எங்கள் படம் எப்படிப் புரண்டது. எனக்குச் சொன்னவர் 'இந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டிய ஒருவர்' மட்டுமே.

நாலே முக்காலுக்கு ஒட்டுப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். ஃபோர்மன் கூப்பிடுகிறார். போனால், பக்கத்தில் படம் ஒட்டியிருக்கிறது. சரியாகத் திரும்பிய துப்பாக்கி இப்போது வலப்புறம் பார்க்கிறது. வலப்புறப் பத்தியில், பல்லாவரத்தில் பாலம் திறந்துவைத்த ஒரு தலைவர், மாலையுடன், சிரித்தபடி.

"இன்னா சார் பண்ண சொல்ற? திருப்பியும் அவரு மூஞ்சிக்கு நேரா வந்துட்டான்."

"புரட்டக் கூடாதுண்ணே."

"பெரட்ட மாட்டேன். பெரட்டினா நாளைக்கு நீ இன்னொரு கதை எழுதுவே." தலைவரைக் கத்தியால் நோகாமல் பெயர்த்தெடுத்தார். துப்பாக்கிக்கு இடப்புறம், அதன் பின்பக்கம், பாலத்தோடு சேர்த்து ஒட்டினார். "தலைவர இட்டாந்து பின்னாடி நிக்க வெச்சிட்டேன். பத்ரமா கீறாரு."

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பக்கம் போனது. அதற்குப் பிறகு அவர் மூலப்படத்தைக் கேட்டு வாங்கி, பின்புறம் சிவப்பு மையில் ஓர் அம்பு போட்டு, 'பெரட்டினது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தாம்பரம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து. பயிற்சி மையத்தின் மேனேஜிங் டைரக்டர்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை இடதுன்றீங்க, வெள்ளிக்கிழமை வலதுன்றீங்க. நாளைக்கு மேல போயிடுமா?"

"இல்லீங்க. இனிமே வலதுதான்."

"நல்லா நடத்துறீங்கய்யா பேப்பரு." கொஞ்சம் மூச்சு விட்டார். "இதை யாரு உங்களுக்குச் சொன்னது?"

பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் இதையும் படித்து மடித்து வைத்துவிட்டு, முதலில் தீர்மானித்தபடியே போலீஸ்காரருக்கு ஆர்டரைக் கொடுத்துவிடவும் கூடும். ஒருவருக்கு உதவுவதற்காக அவருக்குக் கொடுத்த வாக்கை மீறலாமா என்ற கேள்விக்கு நேரம் இருந்தது மூன்று அல்லது நான்கு விநாடி.

"அதுலயே எழுதியிருக்கேங்க. துப்பாக்கியைப் பிரிச்சுப் பூட்டினவர் ஒருத்தர்."

மறுமுனையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"புதன்கிழமை எங்கிட்ட ஒருத்தன் இதையேதான் சொன்னான்" என்றார். "நாங்க சிரிச்சோம்." ஃபோனை வைத்துவிட்டார்.

நான் செய்தது சரியா என்று சனிக்கிழமை முழுவதும் எனக்குத் தெரியவில்லை. இப்போது கேட்டால் சரி என்று சொல்வேன். ஆனால் அது முடிவு தெரிந்த பிறகு சொல்கிற பதில். உங்களுக்கும் இப்படி மூன்று நான்கு விநாடி வரும். அப்போது முடிவு தெரிந்திருக்காது. கையில் இருப்பது நீங்கள் கொடுத்த வாக்கும், சரிபார்த்த விஷயமும்தான். இரண்டும் இருந்தால் போதுமானது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர். எங்கள் பத்திரிகையைப் படித்தார், நம்பினார், அப்படியே சொன்னார். அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

தேவராஜ் அதன்பின் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை. நானும் சேலையூருக்குத் தேடிப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து, மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை விஷயமாகப் போய்விட்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் இன்னொருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது பயிற்சி மையத்தின் பலகை கண்ணில் பட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கட்டடம். மதியம் பன்னிரண்டு மணி. சாப்பாட்டு இடைவேளை போலும், வகுப்பறையில் யாரும் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது.

கரும்பலகையில் கதவுத் தாழ்ப்பாள் ஒன்றின் படம் வரைந்திருந்தது. ஆசிரியர் மேஜைமேல் ஒரு கிலோ வெண்டைக்காய், காம்பெல்லாம் ஒரே பக்கமாக, வளைவாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.